கீழிருந்து படிக்கிறவள்

கோனோங்கோ ஊரில் ஒருவர் செத்துப்போனால் அது முதலில் குடும்பத்துக்குத் தெரியும், அடுத்ததாகச் சர்ச்சுக்குத் தெரியும், மூன்றாவதாகத் தச்சிவாவுக்குத் தெரியும். லாரி நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் டெட்டே அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாக ஆங்கில எழுத்துப் பிழை பார்க்கிறவள் அவள். சாவுச் சுவரொட்டி, அடக்கத்தன்று கொடுக்கும் புத்தகம், கல்யாண அழைப்பிதழ், பள்ளிக்கூட அறிவிப்பு, சலூன் விலைப்பட்டியல், எதுவானாலும் அவளுடைய சிவப்புப் பேனா அதன்மேல் ஒரு நடை நடந்த பிறகுதான் அச்சுக்குப் போகும். தாளின் அடியில் 'அச்சிடலாம்' என்று எழுதி அவள் கையெழுத்துப் போடாவிட்டால் முதலாளி டெட்டே இயந்திரத்தின் பக்கமே திரும்பமாட்டார்.

பிழையைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. கண்டுபிடித்தது. அச்சகத்துக்கு வந்த முதல் நாளே ஊரிலுள்ள அத்தனை பேருடைய பெயருக்கும் அடியில் சிவப்புக் கோடு போட்டது. செத்தவர் பெயர் பிழை, அவர் அப்பன் பெயர் பிழை, பிறந்த ஊர் பிழை. "நாம பொறந்ததே தப்புங்குது இது" என்று சொல்லி டெட்டே அந்த வசதியை அணைத்துவிட்டார். தச்சிவாவின் நாற்காலி தப்பித்தது.

எந்தெந்தச் சொல்லில் ஊர் வழுக்கி விழும் என்பது அவளுக்கு மனப்பாடம். 'நெசசரி'யில் ஒரு சி, இரண்டு எஸ்; ஊர் அதை மாற்றிப் போடும். 'செபரேட்'டின் நடுவே ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஈ வந்து உட்கார்ந்திருக்கும். 'அக்காமடேஷன்' என்ற சொல்லில் இரண்டு சி-யும் இரண்டு எம்-மும் சேர்ந்தே வந்ததை அவள் தன் வாழ்நாளில் நான்கு தடவைதான் பார்த்திருக்கிறாள். ஆனால் ஊர் தன் இஷ்டத்துக்கு அர்த்தம் மாற்றிக்கொண்ட சொற்களில் அவள் கைவைக்கமாட்டாள். கிளம்பும்போது 'வருகிறேன்' என்று ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டுப் போகிற ஊர் அது. ஒரே 'லேட்', வேலைக்குத் தாமதமாக வந்தவனுக்கும் உண்டு, இனி வரவே முடியாதவனுக்கும் உண்டு. "அர்த்தம் ஊரோடது, எழுத்து என்னோடது" என்பாள்.

அவள் படிக்கும் விதமே வேறு. தாளின் கடைசிச் சொல்லில் தொடங்கி, ஒவ்வொரு சொல்லாகப் பின்னோக்கி நகர்ந்து, மேலே முதல் சொல்லில் போய் முடிப்பாள். மேலிருந்து படித்தால் அர்த்தம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும், கண் பிழையைத் தாண்டிவிடும். கீழிருந்து போனால் அர்த்தமும் இல்லை, கதையும் இல்லை, வெறும் சொற்கள்தான். தப்பானது தானாக எழுந்து நிற்கும். இதில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. வாரத்துக்கு நான்கு சாவு. பெண்டாட்டி எழுதியதையும் பிள்ளைகள் எழுதியதையும் மேலிருந்து படித்துக்கொண்டிருந்தால் மனுஷி என்னத்துக்கு ஆவாள். ஊரின் கண்ணீர் முழுக்க அவள் கை வழியாகப் போயிருக்கிறது, ஒரு சொட்டுகூட ஒட்டியதில்லை.

இப்படி எதுவும் ஒட்டாதவளின் வயிற்றை எரிப்பதற்கென்றே ஊரில் ஒருத்தி இருந்தாள். பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை அம்போமா.

இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். டிக்டேஷன் எழுதும்போது அம்போமாவின் கண் மெல்லச் சரிந்து பக்கத்துத் தாளுக்கு வரும். தச்சிவா கையை வைத்து மறைத்ததில்லை. தன்னைப் பார்த்து எழுத ஒருத்தி இருக்கிறாள் என்பதில் அவளுக்குப் பெருமை. பிறகு இருவரும் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரித் தேர்வு எழுதினார்கள். எழுத்தில் தச்சிவாவுக்கு முழு மதிப்பெண், கணக்கில் மூன்று குறைந்தது. அவ்வளவுதான், வண்டி அவளை ஏற்றாமல் போய்விட்டது. அம்போமா ஏறிப் போனாள்.

அன்றிலிருந்து அம்போமாவுக்குக் கிடைத்ததெல்லாம் தச்சிவாவின் கண்ணில் மிளகாயாக விழுந்தது. அம்போமாவுக்கு நல்ல புருஷன் வாய்த்தான், செத்த பிறகும் ஊர் அவனை நல்லவன் என்றே சொன்னது. மூன்று பிள்ளைகள், மூன்றும் உருப்பட்டன. தச்சிவாவின் புருஷன் பிள்ளை பிறக்குமா என்று நான்கு வருடம் பார்த்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை "வரேன்" என்று சொல்லிக் கிளம்பினான். ஊர் வழக்கப்படி அதற்குப் போகிறேன் என்று அர்த்தம். அம்போமா சந்தையில் நடந்தால் தக்காளி விற்பவள்கூட எழுந்து "டீச்சர்" என்பாள். தச்சிவா நடந்தால் "சிவப்புப் பேனா போகுது பாரு" என்பார்கள். அறுபது வயதாகியும் அந்த அம்போமாவுக்குத் தலை நரைக்கவில்லை. இதற்குமா கடவுள் மெனக்கெடுவார் என்று தச்சிவா ஞாயிறுதோறும் சர்ச்சில் உட்கார்ந்து யோசித்தாள்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த டீச்சருக்கு எழுத்து வராது. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளைப் படிக்கவைத்தவள். கணக்கில் புலி, பேச்சில் தேன், பாடம் நடத்தினால் சுவர்கூடக் கேட்கும். ஆனால் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினால் ஐந்து பிழை. பள்ளி அறிவிப்பு, பெற்றோருக்குக் கடிதம், சர்ச்சில் வாசிக்கும் செய்தி எல்லாம் முதலில் ஒரு பழுப்பு உறையில் தச்சிவாவுக்கு வரும். அவள் திருத்தி அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை அம்போமா மேடையேறி அதை வாசிப்பாள், ஊர் கேட்டு மயங்கும். தன் வீட்டுக் கோழி பக்கத்து வீட்டில் போய் முட்டையிடுவதைப் பார்ப்பவள்போலத் தச்சிவா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

ஆனால் ஒருநாளும் அவள் இதை வெளியில் சொன்னதில்லை. டெட்டேவிடம்கூட மூச்சுவிட்டதில்லை. சொன்னால் "பொறாமையில பேசுறா" என்பார்கள். அது உண்மை என்பதால்தான் சொல்லவில்லை.

அந்த வருடம் அம்போமா ஓய்வு பெற்றாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பிரிவு விழா. வந்தவர்களுக்குக் கொடுக்க முந்நூறு புத்தகம். அதில் நடுப்பக்கத்தில் 'என் வாழ்க்கை' என்று அம்போமாவே எழுதியது. அதற்கு முந்தின வாரம் சனிக்கிழமைதான் அவள் மகன் பொன்சுவுக்கு முதல் குழந்தை, பெண், பிறந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு உட்கார்ந்து எழுதியிருப்பாள் போல. திங்கட்கிழமை பழுப்பு உறை தடிமனாக வந்தது. டெட்டே ஒரு எழுத்தும் மாற்றாமல் அதை அப்படியே அடித்துத் தச்சிவாவின் மேசையில் வைத்தார்.

"மேடம், நம்ம டீச்சரோடது. கொஞ்சம் கவனமாப் பாருங்க. ஊரே படிக்கப்போகுது."

ஊரே படிக்கப்போகுது. அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. ஓய்வு, விழா, பேத்தி, புத்தகம். தனக்கு வேலையை விட்டால் யார் விழா எடுப்பார்கள்? டெட்டே ஒரு கோழி வாங்கிக் கொடுப்பார், அதுவும் உயிரோடு.

வழக்கம்போலக் கடைசிச் சொல்லில் தொடங்கினாள். அடியிலேயே ஒன்று அகப்பட்டது. இரண்டாவது, மூன்றாவது. எல்லாம் பழைய நண்பர்கள். 'நெசசரி' வந்தது, தலைகீழாகவே. 'ரிசீவ்' வந்தது, ஈ-யும் ஐ-யும் இடம் மாறி. வழியில் எங்கோ தன் பெயரும் ஒன்றிரண்டு தடவை தட்டுப்பட்டது. பெயர்தானே, நன்றி சொல்லும் பட்டியலில் அச்சகத்துக்கும் ஒரு வரி போட்டிருப்பாள், சமையல்காரிக்கும் போட்டிருப்பாள் என்று தாண்டிப்போனாள். முதல் சொல்லை அடைந்தபோது மொத்தம் பத்தொன்பது.

பேனாவின் மூடியைத் திறந்தாள். திறந்த பேனாவோடு கொஞ்ச நேரம் இருந்தாள். அதற்குப் பிறகு ஒரு பிழையையும் தொடாமல் அடியில் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நெஞ்சில் இத்தனை வருடமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து சோம்பல் முறித்தது. மதியம் புளித்த சோளமாவில் பிடித்த கென்கேயும் வறுத்த மீனும் அரைத்த மிளகாயோடு சாப்பிட்டாள், ருசித்தது.

"ஒண்ணுகூட இல்லையா?" என்று டெட்டே தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர் ஆச்சே" என்றாள் தச்சிவா.

வியாழக்கிழமை அம்போமாவே டாக்ஸியில் வந்து இறங்கினாள், புத்தகக் கட்டுகளை எடுத்துப் போக. டெட்டே எழுந்து நாற்காலியைத் துடைத்தார். அவள் உட்காராமல் நேராகத் தச்சிவாவின் மேசைக்கு வந்தாள்.

"படிச்சியாடி?"

"படிச்சேன்."

"முழுசா?"

"முதல் சொல்லு வரைக்கும்."

அம்போமா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எட்டாம் நாளுக்கு முன்னாடி வாயால சொல்லக் கூடாது, உனக்குத் தெரியும். அதான் எழுதிட்டேன். உனக்குச் சம்மதம்தானே?"

தச்சிவாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன எட்டாம் நாள், என்ன சம்மதம். எழுதினதுக்குச் சம்மதமா என்கிறாள், பிழை இல்லையே என்றுதான் கேட்கிறாள், தலைமையாசிரியை இல்லையா, நேராகக் கேட்க நாக்கு வரவில்லை என்று தானே முடிவு கட்டிக்கொண்டாள்.

"கையெழுத்துப் போட்டுட்டேனே, பின்ன என்ன."

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"சொல்ல என்ன இருக்கு."

அம்போமாவின் முகம் கொஞ்சம் வாடியது போலிருந்தது. பிறகு சிரித்தாள். "நீ எப்பவும் இப்படித்தான், அழுத்தக்காரி. சனிக்கிழமை விடியறதுக்குள்ள வந்துடு. வெள்ளைத் துணி கட்டிக்கிட்டு வா."

கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனாள். போகிற வண்டியைத் தச்சிவா கதவருகே நின்று பார்த்தாள். பிரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா என்ன, தெரிந்திருந்தால் இத்தனை வருடம் பழுப்பு உறை எதற்கு என்று நினைத்துச் சிரித்தாள். ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ருசி இல்லை.

சனிக்கிழமை இருட்டு பிரிவதற்குள் அம்போமா வீட்டு முற்றம் வெள்ளை வெளேரென்று நிறைந்திருந்தது. தச்சிவாவும் தன் பழைய வெள்ளைச் சட்டையைப் போட்டுத் துணியும் கட்டிப் போய் ஓரமாக உட்கார்ந்தாள். வராமல் இருந்தால் ஊர் கேட்கும். முற்றத்து மேசைக்கு அடியில் புத்தகக் கட்டுகள் கயிறு அவிழாமல் இருந்தன. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அன்று எட்டாம் நாள்; அதுவரை யாரும் பெயரை வாயால் சொல்லாத குழந்தையை முதன்முதலாக வெளியே கொண்டுவந்தார்கள். பெயர் வைப்பது அப்பன் வீட்டு உரிமை. பொன்சுவின் பெரியப்பா க்வார்ட்டெங் பெரியவர் குழந்தையை வாங்கித் தூக்கிப் பிடித்தார். முன்னால் சின்ன மேசையில் ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு கிண்ணம் ஜின் சாராயம். முதல் பேத்திக்கு அப்பனைப் பெற்றவள் பெயர்தான் வரும், இன்னொரு அம்போமா என்று தச்சிவா உட்கார்ந்த இடத்திலேயே பொருமிக்கொண்டிருந்தாள். ஒன்று போதாது என்று இரண்டா?

"சனிக்கிழமை பொறந்ததால அமா" என்றார் பெரியவர். "அப்பன் குடுக்கிற பேரு தச்சிவா. அமா தச்சிவா. நல்லவங்க பேரு. அந்தக் குணத்தோட வளரட்டும்."

கூட்டம் "அமா தச்சிவா" என்று திருப்பிச் சொன்னது. எந்தத் தச்சிவா என்று தச்சிவா திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி முழிக்கிற, இப்பதான் கேக்கிற மாதிரி" என்றாள் அம்போமா. "எழுதியிருந்தேனே. நேர்ல வந்தும் கேட்டேனே."

"வாங்க ஆன்ட்டி" என்று பொன்சு வந்து கையைப் பிடித்தான். "நீங்கதான் விரலால தொட்டுக் குழந்தை நாக்குல வைக்கணும்."

தச்சிவா எழுந்தாள். கால் மேசைப் பக்கம் போகாமல் கட்டுகள் இருந்த பக்கம் போனது. குனிந்து கயிற்றை இழுத்து ஒரு புத்தகத்தை உருவி நடுப்பக்கத்தைப் பிரித்தாள். "அம்மா, குழந்தை காத்துக்கிட்டிருக்கு" என்றார் பெரியவர். "ஒரு நிமிஷம் பெரியவரே" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு தாளை மேலிருந்து படித்தாள்.

'என் பெயர் அம்போமா. முப்பத்தைந்து வருடம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்தேன். எனக்கு ஆங்கிலத்தில் எழுத்து வராது. சம்பளம் நின்றுவிட்டதால் இன்று தைரியமாகச் சொல்கிறேன். என் பெயரில் வந்த ஒவ்வோர் அறிவிப்பையும், நீங்கள் நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஒவ்வொரு கடிதத்தையும் சரிசெய்தவள் தச்சிவா. அவள் ஒரு வார்த்தை வெளியில் சொல்லியிருந்தால் நான் இந்த நாற்காலியில் ஒரு நாள் உட்கார்ந்திருக்க முடியாது. அவள் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், இது அவளுக்கே தெரியாது. பயிற்சிக் கல்லூரித் தேர்வில் நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எழுத்துத் தாளில் நான் எழுதிய ஒவ்வொரு சொல்லும் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்து எழுதியது. கணக்கு அவளைத் தோற்கடித்தது. எழுத்து என்னைத் தோற்கடித்திருக்க வேண்டும். அவள் தாள் என்னைத் தூக்கிவிட்டது.

எனக்கு மூன்று பிள்ளைகள், என் பெயர் எப்படியும் வரும். என் மகனின் முதல் பெண்ணுக்கு அவள் பெயர் வைக்கிறோம். இந்தப் பக்கத்தையும் வழக்கம்போல அவள்தான் திருத்தித் தந்திருக்கிறாள். இதில் நீங்கள் ஒரு பிழையும் காணமாட்டீர்கள். அந்தச் சுத்தம் என்னுடையது அல்ல, அவளுடையது.'

தன் வினை தன்னைச் சுடும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சுடும்போது எப்படி இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் பக்கத்தில் பத்தொன்பது பிழை. அதைச் சுத்தமாக்கியவள் என்று அவள் பெயர். நாளைக்கு முந்நூறு பேர் கையில். இதற்கெல்லாம் நடுவில் அவளுக்குக் கோபமும் வந்தது. திருடி, என் தோளுக்கு மேலாகவா பார்த்து எழுதினாய் என்று கேட்க வாய் துடித்தது. வாழ்நாள் முழுக்கக் காரணம் தேடித் தேடிப் பொறாமைப்பட்டவளுக்கு ஒரு நியாயமான காரணம் கையில் கிடைத்தது இன்றைக்கு. கேட்கிற யோக்கியதை போனதும் இன்றைக்குத்தான்.

மேசை முன்னால் உட்காரவைத்துக் குழந்தையை மடியில் கொடுத்தார்கள். அது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. வலது கை விரலைத் தண்ணீரில் தோய்த்துக் குழந்தையின் நாக்கில் வைத்தாள்.

"நீ தண்ணின்னு சொன்னா அது தண்ணியாவே இருக்கணும்" என்றார் பெரியவர் குழந்தையைப் பார்த்து.

"இருக்கணும்" என்றது கூட்டம்.

விரலை ஜின்னில் தோய்த்தாள். குழந்தையின் வாய் வரைக்கும் போன விரல் நின்றுவிட்டது. நாக்கில் விரல் வைத்தவரின் குணம் குழந்தைக்கு வரும் என்று அவள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். கேட்டபோதெல்லாம் அது அடுத்தவர் விரலாக இருந்தது.

"ஜின்னுன்னு சொன்னா..." என்று தொடங்கிய பெரியவர் நிறுத்தினார். "என்னம்மா?"

"நான் இதைப் படிக்கல" என்றாள் தச்சிவா.

"எதை?"

"இந்தப் பக்கத்தை. கீழிருந்துதான் படிச்சேன், என்ன எழுதியிருக்குன்னு பாக்கவே இல்ல. பத்தொன்பது பிழை இருந்துச்சு. பாத்துட்டு, தெரிஞ்சே விட்டுட்டேன். ஊர் சிரிக்கட்டும்னு விட்டேன்."

பெரியவருக்கு ஆங்கிலமும் தெரியாது, பிழையும் தெரியாது. "எழுத்து விஷயமெல்லாம் எனக்குப் புரியாதும்மா" என்றார். "விரல்ல ஜின்னு காயுது."

அம்போமா முன்னால் வந்து நின்றாள். தலைமையாசிரியை முகம்.

"வேணும்னே விட்டியா?"

"வேணும்னே."

"ஏன்?"

"பொறாமைடி. வேற என்ன."

"எதுக்குப் பொறாமை?"

"எல்லாத்துக்கும். உன் தலமுடி வரைக்கும்." தச்சிவா நிறுத்தவில்லை. "வெளியில சொல்லலைன்னு எழுதியிருக்கியே, அதுகூட உனக்காக இல்ல. சொன்னா என்னைப் பொறாமைக்காரின்னுடுவாங்கன்னுதான். நல்லவன்னு நெனச்சு பேரு வச்சுட்ட. வேற பேரு வை."

கூட்டத்தில் யாரோ ஒருத்தி "அடிப்பாவி" என்றாள். பொன்சு அம்மாவைப் பார்த்தான். அம்போமாவின் கண் கலங்கியிருந்தது, ஆனால் அது மன்னித்த கண் இல்லை.

"பேரைச் சொல்லியாச்சு" என்றாள் கடைசியில். "ஊரும் திருப்பிச் சொல்லியாச்சு. சொன்ன பேரை எந்த ஊர்ல வாபஸ் வாங்குறாங்க? விரலை வை."

தச்சிவா விரலை வைத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்தது.

"ஜின்னுன்னு சொன்னா ஜின்னாவே இருக்கணும்" என்று பெரியவர் அவசரமாக முடித்தார்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது தச்சிவா அம்போமாவின் பின்னாலேயே போனாள். "டெட்டேகிட்ட சொல்றேன், நாளைக்குச் சர்ச் முடியறதுக்குள்ள மறுபடி அடிச்சுடலாம். நான் இன்னிக்கே உக்காந்து திருத்தித் தரேன்."

"வேணாம். அப்படியே போகட்டும்."

"உன் மானம் போயிடும்டி."

"பிழை என்னோடது. கையெழுத்து உன்னோடது. ரெண்டும் ஒண்ணாவே போகட்டும்" என்று சொல்லிவிட்டு அம்போமா நிலக்கடலைக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விழா மண்டபத்தில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த தச்சிவாவுக்கு உடம்பெல்லாம் காது. புத்தகங்கள் கைக்குக் கை போயின. பக்கம் புரளும் சத்தம் கேட்டது. முன்வரிசையில் பழைய மாணவிகள் நடுப்பக்கத்துக்கு வந்தார்கள். இப்போது சிரிப்பார்கள் என்று நினைத்தாள். ஒருத்தி கைக்குட்டையை எடுத்தாள். இன்னொருத்தி திரும்பித் தச்சிவாவைத் தேடிப் பார்த்துக் கும்பிட்டாள். பாதிரியார் படித்தார், வங்கி மேலாளர் படித்தார், தக்காளி விற்பவளுக்கு அவள் மகள் படித்துச் சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் மேலிருந்து படித்தார்கள்.

விழா முடிந்ததும் மாவட்டக் கல்வி அதிகாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, உட்கார்ந்தே இருந்த அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இப்படி ஒருத்தங்க நம்ம ஊர்ல இருக்கிறதே எனக்குத் தெரியாம போச்சே மேடம். நானும் விடாம தேடித் தேடிப் பாத்தேன். ஒரு பிழைகூட இல்ல."

பத்தொன்பதையும் இந்த மண்டபத்தில் பார்த்திருக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று உள்ளே கிளம்பியது. பாசாங்கு இல்லாமல் சொன்னால், அது பொறாமைதான். திருடியதைத் தானே ஊரறியச் சொல்லிவிட்டு, கேட்ட பிறகும் பேரைத் திருப்பி வாங்காமல், இந்த அம்போமா நல்லவளாக இருப்பதிலும் முந்திக்கொண்டாளே.

"தச்சிவா, ஏ தச்சிவா, அழக் கூடாது" என்று பின்னால் குரல் கேட்டுத் திரும்பினாள். அவளை அல்ல. அம்போமா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தாள். நேற்றிலிருந்து அவள் தச்சிவாவிடம் பேசவில்லை. இப்போதும் முகத்தைப் பார்க்காமல் குழந்தையை அவள் மடியில் வைத்தாள். கூடவே ஒரு புத்தகத்தையும் வைத்தாள்.

"பிடி. எனக்கு விருந்தாளிகளைப் பாக்கணும். இதுல ஒண்ணை மட்டும் திருத்திக் குடு. இவ வளந்து படிக்கிறதுக்கு."

"சரி."

"மேலிருந்து படிச்சுத் திருத்து" என்று சொல்லிவிட்டு அம்போமா கூட்டத்துக்குள் போனாள்.

நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். தச்சிவா இடது கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு, பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துப் பல்லால் மூடியைத் திறந்தாள். 'என் பெயர் அம்போமா' என்பதில் தொடங்கினாள். தோளுக்கு மேலாகப் பார்த்து எழுதிய இடத்தில் கொஞ்சம் நின்றாள். பெயர் வைத்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றாள். கடைசிச் சொல்லை அடைந்து எண்ணிப் பார்த்தபோது பதினேழுதான் அகப்பட்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதல் சொல்லுக்குப் போனாள்.